கேவி அதிகமானால் மோட்டாருக்கு பலம் அதிகமா?

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி படகு குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: கேவி எண் பெரிதாக இருந்தால் மோட்டாருக்கு பலம் அதிகம், 3எஸ் (மூன்று செல், 11.1 வோல்ட்) பேட்டரியைக் கழற்றிவிட்டு 4எஸ் (நான்கு செல், 14.8 வோல்ட்) போட்டால் கரண்ட் குறையும், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சூடாகாது.

இரண்டுமே தவறு. கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு, அவ்வளவுதான். 2000 கேவி மோட்டார் 11.1 வோல்ட்டில் சுமார் 22,200 சுற்று. அதற்கும் பலத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இரண்டாவதில்தான் ஆபத்து, ஏனென்றால் பாதி உண்மை கலந்திருக்கிறது. அதே வாட்ஸை அதிக வோல்ட்டில் எடுத்தால் கரண்ட் குறையும், சரி. ஆனால் அதே மோட்டார், அதே புரொப்பெல்லர் இருக்கும்போது 4எஸ் போட்டால் சுற்று கூடும், தண்ணீரில் புரொப்பெல்லர் கேட்கும் சக்தி ஏறக்குறைய சுற்றின் கனத்துக்கு (சுற்று × சுற்று × சுற்று) ஏற்ப ஏறும், அதனால் 40 ஆம்பியர் இழுத்த படகு 70-ஐத் தொடலாம். இஎஸ்சி கருகுவது இப்படித்தான். 4எஸ் வேண்டுமென்றால் 1500 கேவி மாதிரி குறைந்த எண்ணுக்குப் போங்கள், அதே 22,200 சுற்று கிடைக்கும்.

சந்தேகமிருந்தால் மோட்டார், இஎஸ்சி இரண்டின் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் அதிகபட்ச வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். வாட்மீட்டரை இணைத்து படகைத் தண்ணீரில் ஓட்டியும் பார்க்கலாம் (மேசைமேல் வெறுமனே சுற்றவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது).

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.