மூணாம் நம்பருக்கு ஒரு ஆளு, அம்புட்டுத்தானப்பா கேட்டோம்!

408. இந்த நம்பரைப் பார்த்தாலே எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது. 2025 நவம்பர், கௌகாத்தி, அஞ்சு நாள் ஆடுற டெஸ்ட் கிரிக்கெட்ல நம்ம இந்தியா தென்னாப்பிரிக்காகிட்ட 408 ரன் வித்தியாசத்துல தோத்துச்சு. 1932-ல டெஸ்ட் ஆட ஆரம்பிச்ச நாடு இது. ரன் கணக்குல இதை விடப் பெரிய அடி நாம வாங்குனதே கிடையாது. 2004-ல நாக்பூர்ல ஆஸ்திரேலியாக்காரய்ங்க 342 ரன்ல சாத்துனதுதான் அதுவரைக்கும் பெருசா இருந்துச்சு. அதையும் தாண்டிட்டாய்ங்க நம்மாளுக. எதுலயாச்சும் சாதனை படைக்கணும்ல!

சிம்மக்கல் பக்கம் நான் டீ குடிக்கிற கடையில இதைச் சொல்லிப் புலம்புனா, பக்கத்துல நிக்கிற தம்பி செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காம கேக்குறான், "அண்ணே, இந்த டெஸ்ட்டெல்லாம் இன்னும் நடத்துறாய்ங்களா?" இதுக்கு மேல என்னத்தைப் பேச? ஆனா பேசித்தான் ஆகணும், இல்லாட்டி எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

முதல்ல மூணாம் நம்பர். வெளியூரோ உள்ளூரோ, முதல் விக்கெட் போனதும் உள்ள போறவன்தான் டீமோட முதுகெலும்பு. நம்ம டீமுக்கு டிராவிட் இருந்தாரு, அவருக்கப்புறம் புஜாரா. 2017-ல ராஞ்சியில புஜாரா 525 பந்து ஆடி 202 அடிச்சாரு. 2018-19 ஆஸ்திரேலியா டூர்ல 1,258 பந்து, மூணு செஞ்சுரி, 521 ரன். எதிர் டீம் பவுலருக்கு இடுப்பே ஒடிஞ்சு போயிருக்கும். அப்ப நம்மாளுகளே என்ன சொன்னாய்ங்க? "சும்மா கட்டை போடுறான்யா." அடிக்காம தடுத்துக்கிட்டே நிக்கிறாராம். 2023 ஜூன்ல லண்டன் ஓவல்ல நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலோட அவரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. சரி, வயசாச்சு, புது ஆளு வரட்டும். நியாயம்தான். வந்தது யாரு?

2024 அக்டோபர்ல இருந்து 2025 நவம்பர் வரைக்கும் மூணாம் நம்பர்ல இறங்குனவங்களைச் சொல்றேன், விரல் விட்டுக்கோங்க. பெங்களூருல கோலி. அப்புறம் கில். பெர்த்துல படிக்கல். மெல்போர்ன்ல ராகுல். இங்கிலாந்துல ஹெடிங்லில சாய் சுதர்சன். பர்மிங்காம்ல கருண் நாயர். கொல்கத்தாவுல வாஷிங்டன் சுந்தர். ஏழு பேரு! ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரே இடத்துக்கு ஏழு பேரு. பெரியார் பஸ் ஸ்டாண்டுல சீட்டுக்குத் துண்டு போட்ட கதையா இருக்கு, துண்டு போட்டவன் ஒருத்தன், உக்காருறவன் வேற ஒருத்தன்.

இதுல நம்ம ஊருப் பயலுக ரெண்டு பேரு மாட்டிக்கிட்டுப் படுற பாட்டைத்தான் பார்க்க முடியல.

சாய் சுதர்சன். ஹெடிங்லில அறிமுகம், முதல் இன்னிங்ஸ் முட்டை. அடுத்த டெஸ்ட்டுல ஆளைக் காணோம். மான்செஸ்டர்ல திரும்பக் கூப்பிட்டாய்ங்க, 61 அடிச்சான். டெல்லியில வெஸ்ட் இண்டீஸ்கூட 87, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 39. சரி, பையன் வேரூன்றிட்டான்னு நெனைச்சா, அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவுல வெளிய உக்கார வச்சுட்டாய்ங்க. அதுக்கடுத்து கௌகாத்தியில திரும்ப உள்ள. 87 அடிச்சவனுக்கே இந்தக் கதின்னா அவன் எந்த நம்பிக்கையில முன்னங்காலைப் போடுவான்? ஒவ்வொரு பந்தும் அவனுக்கு இண்டர்வியூ மாதிரி இருக்காதா?

வாஷிங்டன் கதை இன்னும் மோசம். கொல்கத்தாவுல மூணாவதா இறக்குனாய்ங்க. மத்தவய்ங்க எல்லாம் வரிசையா நடையைக் கட்டுன பிட்ச்ல 29, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 31. அந்த 31-தான் அன்னைக்கு டீம்லயே பெரிய ஸ்கோரு. அப்ப என்ன செய்யணும்? "தம்பி, இது உன் இடம், அடுத்த பத்து இன்னிங்ஸுக்கு எவனும் தொட மாட்டான்"னு சொல்லணும். இல்லாட்டி முதல்லயே அந்த இடத்துக்கு அனுப்பியிருக்கக் கூடாது. இவய்ங்க என்ன பண்ணாய்ங்க? அடுத்த டெஸ்ட்டுலயே எட்டாம் நம்பருக்குத் தள்ளுனாய்ங்க. எட்டுல வந்தும் 48 அடிச்சான் அந்தப் புள்ள. மூணுல ஆடுறவனுக்குப் புதுப் பந்தை விடத் தெரியணும், எட்டுல ஆடுறவனுக்கு கடைசியில வர்ற பவுலருகளை வச்சு ரன் சேர்க்கத் தெரியணும். ரெண்டும் ஒண்ணாப்பா? வலையில அவன் எதைப் பழகுவான்?

இதெல்லாம் ஆட்டக்காரன் தப்பில்ல, பெஞ்சுல உக்காந்திருக்க கோச்சுக தப்பு. ஆல்ரவுண்டர் மோகம் தலைக்கேறிப் போச்சு. எல்லாரும் கொஞ்சம் பேட்டிங் ஆடணும், எல்லாரும் கொஞ்சம் பந்து போடணும். கொல்கத்தாவுல நாலு ஸ்பின்னரு, அதுல வாஷிங்டன் கைக்குப் பந்தே சரியா வரல. நிதிஷ் ரெட்டியை ஆல்ரவுண்டர்னு எடுத்துட்டு ஓவர் குடுக்கவே யோசிக்கிறாய்ங்க. அதே நேரம் குல்தீப் மாதிரி விக்கெட் எடுக்கவே பொறந்த பவுலரை இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போய் அஞ்சு டெஸ்ட்லயும் தண்ணி பாட்டில் தூக்க வச்சாய்ங்க. கேட்டா, "பேட்டிங் நீளம் வேணும்". நீளமா வச்சிருந்தும் ஹெடிங்லில என்னாச்சு? முதல் இன்னிங்ஸ்ல கடைசி ஏழு விக்கெட் 41 ரன்னுக்கு, ரெண்டாவதுல கடைசி ஆறு விக்கெட் 31 ரன்னுக்கு. அஞ்சு செஞ்சுரி அடிச்சுட்டு ஒரு டெஸ்ட்டைத் தோக்குறதுக்கும் ஒரு தெறமை வேணும்யா.

இப்ப பிட்ச்சுக்கு வர்றேன். நம்மூர்ல "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறது"ன்னு சொல்லுவோம்ல, அதை ஸ்டேடியம் ஸ்டேடியமாப் போய்ச் செய்யுறாய்ங்க. 2024-ல நியூசிலாந்து வந்துச்சு. பெங்களூருல மேக மூட்டத்துல டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்து 46-க்கு ஆல் அவுட், அஞ்சு முட்டை. சொந்த மண்ணுல நம்ம டீம் எடுத்ததுலயே குறைஞ்ச ஸ்கோரு அதுதான். உடனே ரோசம் வந்து புனேயில சுழலுற பிட்ச் போட்டாய்ங்க. அவய்ங்க ஸ்பின்னர் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்துட்டுப் போனாரு. அந்த சான்ட்னர் அதுவரைக்கும் டெஸ்ட்ல அஞ்சு விக்கெட் எடுத்ததே இல்ல! மும்பையில 147 அடிக்கணும், 121-க்கு ஆல் அவுட். மூணு டெஸ்ட்டுக்கு மூணும் தோல்வி. 2013-ல இருந்து உள்ளூர்ல 18 சீரிஸ் தோக்காம வச்சிருந்த மானம் மூணே வாரத்துல போச்சு.

அப்பவாச்சும் புத்தி வந்துச்சா? அடுத்த வருசம் கொல்கத்தாவுல தென்னாப்பிரிக்காகூட அதே கூத்து. 124 ரன் அடிச்சா ஜெயிப்பு. ஞாயித்துக்கிழமை வேற. கறிக்குழம்பு கொதிச்சு இறங்குறதுக்குள்ள நாலு பேரு அவுட்டு. நான் சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சு போச்சு. 93-க்கு ஆல் அவுட். கில் கழுத்து வலியில ஆஸ்பத்திரியில, மிச்சப் பேரு அவய்ங்க ஸ்பின்னர் ஹார்மர் கையில. அக்சர் கடைசியில இன்னொரு ஸ்பின்னர் மகராஜை ஒரே ஓவர்ல ஒரு ஃபோரு, ரெண்டு சிக்ஸு விளாசுனாரு, சரி ஏதோ வருதுன்னு நிமிர்ந்து உக்காந்தேன், அதே ஓவர்ல இன்னொண்ணு தூக்கி அவுட்டு. ஓடுற பாம்பை மிதிக்கிற வயசுன்னு விட முடியுமா? அவரும் சீனியர்தான.

அன்னைக்கு மேட்ச்லயே ஒரே ஒரு அம்பதுதான் வந்துச்சு. அடிச்சது தென்னாப்பிரிக்கா கேப்டன் பவுமா. 55 நாட் அவுட், 136 பந்து. அதை யாராச்சும் திரும்பப் போட்டுப் பாருங்க. பந்து பிட்ச்ல விழுற வரைக்கும் மனுசன் அசையல. குட்டையா விழுந்தா முழுசாப் பின்னங்காலுக்குப் போனாரு, நீளமா விழுந்தா முழுசா முன்னால வந்தாரு, நடுவுல தொங்கல. கை தளர்வா இருந்துச்சு, பேட்டுல பட்ட பந்து கால்கிட்டயே செத்து விழுந்துச்சு. கேட்ச் பிடிக்கப் பக்கத்துலயே சில்லி பாயிண்ட்ல நின்னவனுக்கு வேலையே இல்ல. நம்மாளுக? பாதி முன்னங்கால் போட்டு, பேட்டைக் காலுக்கு முன்னால நீட்டி, இறுக்கிப் பிடிச்சுப் பந்தைத் தேடிப் போறாய்ங்க. எட்ஜ் ஆகாம என்ன ஆகும்? ஸ்பின் ஆடுறதுல உலகத்துக்கே வாத்தியாரா இருந்த ஊருய்யா இது!

மேட்ச் முடிஞ்சு நம்ம கோச் கம்பீர் சொன்னாரு, நாங்க கேட்ட பிட்ச்தான் இதுன்னு. தடுப்பாட்டம் உருப்படியா இருந்தா ரன் வரும்னும் சொன்னாரு. ரொம்பச் சரி. அந்தத் தடுப்பாட்டத்தைச் சொல்லிக்குடுக்க வேண்டியது யாரு? சிம்மக்கல் டீ மாஸ்டரா?

இதுக்கு வேரு கீழ இருக்குதுங்கிறதும் தெரியும். அழகர்கோயில் ரோட்டுப் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர்ல அக்கா மகனைச் சேர்த்திருக்கோம். சனிக்கிழமை கூட்டிட்டுப் போய் உக்காந்து பார்ப்பேன். நாலு வலை. மூணுல கையில சைடு ஆர்ம்னு நீளக் குச்சி மாதிரி ஒண்ணை வச்சுப் பந்தை வீசி எறியிறாய்ங்க, பயலுக தூக்கித் தூக்கி அடிக்கிறாய்ங்க, வேலிக்கு வெளிய நின்னு அப்பாமாரு வீடியோ எடுக்குறாக. நாலாவது வலையில ஒரு சின்னப் பய ஆஃப் ஸ்பின் போடுறான், பேட் பிடிக்க ஆளு இல்ல. எங்க மருமகன் ஒரு நாள் அந்த வலையில நின்னு ரொம்ப நேரம் தடுத்துத் தடுத்து ஆடுனான். பின்னாலிருந்து ஒரு அப்பா, "என்னப்பா கட்டை போட்டுக்கிட்டு, ஐபிஎல்ல யாரு எடுப்பா?"ன்னு சிரிக்கிறாரு. கோச்சும் சேர்ந்து சிரிக்கிறாரு! எனக்கு வந்துச்சே கோவம்.

கீழ அப்படி வளர்ந்து வர்றவன் மேல போய் என்ன செய்வான்னு கேக்கலாம். அதுக்குத்தான மேல பேட்டிங் கோச், பவுலிங் கோச், ஃபீல்டிங் கோச், அசிஸ்டெண்ட் கோச்னு ஒரு படையே இருக்கு? நேரம் இல்லைன்னா நேரத்தை உண்டாக்கணும். 2025 நவம்பர் 8 பிரிஸ்பேன்ல டி20 ஆடுறாய்ங்க, 14-ஆம் தேதி கொல்கத்தாவுல டெஸ்ட். கில்லு, பும்ரா, அக்சர், வாஷிங்டன் எல்லாம் ஃப்ளைட்ல இருந்து இறங்கி நேரா வெள்ளைச் சட்டையை மாட்டுறாய்ங்க. பந்தைத் தூக்கி அடிச்ச கை ஆறு நாள்ல எப்படி மெத்தையா மாறும்? மாநில டீமுக்கு ரஞ்சி ஆடச் சொன்னா மூஞ்சி சுளிக்கிறது. கோலி 2012-க்கு அப்புறம் 2025-லதான் ரஞ்சிக்கே திரும்ப வந்தாரு, அதுவும் போர்டு கண்டிப்பு காட்டுனதுக்கு அப்புறம். நத்தத்துல கிரவுண்டு இருக்கு, ரஞ்சி மேட்ச் நடக்குது. நம்ம தமிழ்நாட்டு ஸ்பின்னர் சாய் கிஷோர் அங்கிட்டு இங்கிட்டு ஓடி ஓடிப் போட்டு 2023-24 சீசன்ல 53 விக்கெட், அந்த வருசத்துலயே அதிகம். இன்னி வரைக்கும் ஒரு டெஸ்ட் கிடையாது. ரஞ்சியில என்ன சாதிச்சாலும் மேல கதவு திறக்காதுன்னா எவன் அதை மதிச்சு ஆடுவான்? அஸ்வின் கதையைத் தொடவே வேணாம், 537 விக்கெட் எடுத்த மனுசன் ஆஸ்திரேலியாவுல பாதி சீரிஸ்ல பையைத் தூக்கிட்டுக் கிளம்புனாரு.

கேட்ச் பத்தி ரெண்டே வார்த்தை. ஹெடிங்லில ஜெய்ஸ்வால் ஒரே மேட்ச்ல நாலு விட்டான், அதுல ஒண்ணு 97-ல நின்ன இங்கிலாந்து ஓப்பனர் டக்கெட் குடுத்தது. அவரு 149-க்குப் போனாரு, மேட்ச் போச்சு. கௌகாத்தியில தென்னாப்பிரிக்காவோட மார்க்ரம் ஒரே மேட்ச்ல ஒம்பது பிடிச்சாரு. போதும்.

கௌகாத்திக்கே வந்துட்டோம். அங்க பிட்ச் சுழலவும் இல்ல, எகிறவும் இல்ல, ரோடு மாதிரி கிடந்துச்சு. முத்துசாமின்னு ஒருத்தர், பேரைக் கேட்டாலே தெரியும் தமிழ் வம்சாவளி, தென்னாப்பிரிக்காவுக்கு ஆடுறாரு, 109 அடிச்சாரு. "முத்துசாமி செஞ்சுரி"ன்னு நான் கத்த, டீ மாஸ்டர் நம்ம டீமுன்னு நெனைச்சுக் கை தட்டிட்டாரு. அவய்ங்களுக்கு 489 வந்துருச்சு. நம்ம ஆட்டம் 95-க்கு ஒரு விக்கெட். அப்புறம் 122-க்கு ஏழு விக்கெட். அவய்ங்க ஃபாஸ்ட் பவுலர் யான்சன் ஷார்ட் பால் போட்டுக்கிட்டே இருக்காரு, இவய்ங்க அடிச்சுக்கிட்டே இருக்காய்ங்க. கில்லுக்குப் பதிலாக் கேப்டனா இருந்த பண்ட் இறங்கி வந்து சுத்தி எட்ஜ் கொடுத்துட்டு, போகும்போது ஒரு ரிவ்யூவையும் வீணாக்கிட்டுப் போனாரு.

அன்னைக்கு நின்னது யாரு தெரியுமா? குல்தீப். பவுலரு! 134 பந்து ஆடி 19 ரன். தெரியாத ஆட்டத்துல தெரிஞ்ச மட்டும் முன்னங்காலை நீட்டி, தலையைக் குனிஞ்சு, வாஷிங்டன்கூட 72 ரன் சேர்த்தாரு. மொத்த டீம்லயே அந்த இன்னிங்ஸ்ல அதிகப் பந்து ஆடுனது அவருதான். ஒம்பதாவதா வர்ற ஆளுக்கு இருக்க பொறுமை நாலாவது, அஞ்சாவது வர்றவனுக்கு ஏன் இல்ல?

ஓவல்ல இங்கிலாந்தை ஆறு ரன்ல ஜெயிச்சதையும் பார்த்தேன், சிராஜ் அஞ்சாவது நாள் ஓடி வந்ததையும் பார்த்தேன். தெறமை இல்லாத டீமா இருந்தா நான் ஏன் கத்துறேன்? சேனலை மாத்திட்டுப் போயிருப்பேன்ல. கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. சுதர்சனா, படிக்கலா, வாஷிங்டனா, யாரோ ஒருத்தனை மூணாம் நம்பர்ல போடுங்க. ஒரு வருசம் முட்டையே போட்டாலும் தூக்காதீங்க. குல்தீப்பை எல்லா மேட்ச்லயும் ஆட விடுங்க. உள்ளூர்ல மண்ணைக் கிளறாம நல்ல பிட்ச் போடுங்க. அந்த சைடு ஆர்ம் குச்சியைக் கொஞ்ச நாளைக்குப் பரண்ல போட்டுட்டு, பழைய பந்தோட நாலு உள்ளூர் ஸ்பின்னரை வலைக்குக் கூப்பிட்டு, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கட்டை போடச் சொல்லுங்க. ஆளு பத்தலைன்னா மதுரைக்குச் சொல்லி அனுப்புங்க, எங்க நாலாவது வலைப் பய சும்மாதான் பந்தை உருட்டிக்கிட்டு இருக்கான்.