டிஷ்யூ பொட்டலத்துக்கு உள்ள மரியாதை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் என் பெரியப்பாவை ஒரு டிஷ்யூ பொட்டலம் நிற்க வைத்துவிட்டது. அவருக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் வலி. மன்னார்குடியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதிரே ஒரு வட்ட மேசை, சுற்றி நான்கு இருக்கைகள், ஒன்றிலும் ஆள் இல்லை. மேசை நடுவில், வீட்டு முகவர் ஒருவர் பல் தெரியச் சிரிக்கும் படம் போட்ட டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தது. பெரியப்பா உட்காரப் போனார். தடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

"யாரோ சோப் செய்திருக்கிறார்கள் பெரியப்பா."

"சோப்பா? கை கழுவவா?"

விளக்கினேன். இடம் பிடிப்பதற்கு இந்த ஊரில் அப்படி ஒரு சொல். டிஷ்யூ, குடை, அலுவலக அட்டை, எதைப் போட்டாலும் போட்டவருக்கு இடம் சொந்தம். பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி என்றதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "துண்டு போட்டவன் பின்னாலேயே ஏறி வந்துவிடுவானே தம்பி, இவன் எங்கே?" என்றார்.

எங்கேயா? பிரியாணி வரிசையில் இருபது பேருக்குப் பின்னால் நிற்கிறான். மனைவி பரோட்டா வரிசையில். பிள்ளை கரும்புச்சாறு வாங்கப் போயிருக்கிறான். மூவரும் தட்டோடு திரும்பி வருவதற்குள் என் பெரியப்பா ஒரு தே குடித்து, வாயைத் துடைத்து, ஊர்க்கதை ஒன்றையும் சொல்லி முடித்து எழுந்திருப்பார். அதுவரை அந்த நான்கு இருக்கைகளும் காற்று வாங்குகின்றன. கையில் தட்டோடு, அதில் ததும்பும் சாம்பாரோடு, உட்கார இடம் தேடி ஒரு கர்ப்பிணிப் பெண் எங்களைக் கடந்து இரண்டு முறை போனார். யாரும் பொட்டலத்தைத் தொடவில்லை. கோயில் உண்டியலைக்கூட உடைக்கிற உலகத்தில், இந்த ஊரில் டிஷ்யூவுக்கு அப்படி ஒரு கற்பு!

இத்தனைக்கும் சட்டதிட்டம் இல்லாத ஊரா இது? சாப்பிட்ட தட்டை அப்படியே மேசையில் விட்டுப் போனால் முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் இதுதான் நடைமுறை. நல்ல விதி, நான் ஒழுங்காகத் தட்டைத் திருப்பி வைக்கிறவன். சாப்பிட்ட பிறகு மேசையைக் காலி செய்ய விதி இருக்கிறது. சாப்பிடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் மேசையை முடக்கி வைப்பதற்கு மட்டும் சட்டத்தில் ஒரு சொல் கிடையாது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எல்லாரும் மார்தட்டினோம். பல இனத்தவரும் ஒரே மேசையில் சேர்ந்து உண்ணும் இடம் என்று பெருமை பேசினோம். மேசை கிடைத்தால்தானே ஐயா சேர்ந்து உண்ண?

நானும் யோக்கியன் இல்லை. வேலை நாளில், ஒரு மணி நேர மதிய இடைவேளையில், லாவ் பா சாட் உணவங்காடியில் குடையை வைத்துவிட்டு வரிசைக்கு ஓடியிருக்கிறேன். அது அவசரம், இது ஞாயிற்றுக்கிழமை என்று வாதாடலாம்தான். வேண்டாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த வட்டாரத்துக்கு மலாயில் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். சந்தையை ஒட்டி ஓடும் தெருவுக்கு இன்றும் பஃபலோ சாலை என்றுதான் பெயர். எருமைகளுக்குப் படுக்க இடம் கொடுத்த மண்ணில் ஒரு கிழவருக்கு உட்கார இடம் இல்லை.

"விடு தம்பி, பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்றாயே, அங்கே போய் ஒரு டீ குடிப்போம்" என்றார். அவர் ஊர்க் கணக்கு அது. வாய்க்கால் இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் மரம் இருக்கும், மரத்தடியில் ஒரு டீக்கடை பெஞ்சு இருக்கும். ரோச்சோர் கால்வாய்க்குக் கரை உண்டு, மரமும் உண்டு. பெஞ்சு போட்ட டீக்கடைதான் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். 1971லிருந்து 1986 வரை தெருவோர வியாபாரிகளையெல்லாம் உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோனார்கள். எச்சிலும் எண்ணெயும் நேராகக் கால்வாயில் விழுந்த காலம் அது. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் 1977 தொடங்கிப் பத்தாண்டு பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த கரையில் இன்று மூச்சை இழுத்துவிட்டு நடக்கலாம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், கரையிலிருந்து எடுத்த தேநீரை உள்ளே கொண்டுபோய் வைத்தீர்கள். உள்ளே டிஷ்யூ உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் எங்கே போக?

போனோம், புத்தி கெட்டுப் போனோம். கால்வாயைப் பார்த்தபடி கண்ணாடிச் சன்னல் வைத்த ஓர் உணவகம். பெயர் வேண்டாம். வாசலில் நின்ற பெண் முதலில் சொன்னதே, "ஏழரை மணிக்கு மேசையைத் திருப்பித் தர வேண்டும்." பெரியப்பா, "தூக்கிக்கொண்டா போகப் போகிறோம்?" என்றார். உணவுப் பட்டியல் கிடையாது. மேசை மூலையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படம் பிடிக்க வேண்டுமாம். பெரியப்பாவிடம் இருப்பது பொத்தான் வைத்த கைபேசி. அதை அந்தக் குறியீட்டின் மேல் ஒரு கணம் வைத்துப் பார்த்தார், பாவம். அரைத்த மசாலா போட்ட தே என்று எழுதி 7 வெள்ளி. மரவள்ளிக்கிழங்கு வறுவலுக்கு 13. எல்லா விலைக்கும் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள், சிலுவை நட்டதுபோல. என் மனைவியையும் சேர்த்து மூன்று பேருக்கு மூன்று தே, ஒரு வறுவல், கேட்டு வாங்கிய தண்ணீர் மூன்று குவளை.

ரசீது வந்தது. தேநீர் 21, வறுவல் 13, தண்ணீர் 3. ஆம், தண்ணீருக்குத் தலைக்கு ஒரு வெள்ளி! ஆக 37. அதன் மேல், முதல் கூட்டல் குறிக்கு, சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. நாங்களே கைபேசியில் தட்டிச் சொல்லி, பெரியப்பாவின் சர்க்கரை நோய்க்காகச் சீனி வேண்டாம் என்று நான் மூன்று முறை கேட்டும் சீனியோடு கொண்டுவந்து வைத்த சேவைக்கு 3 வெள்ளி 70 காசு. அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து அதன் தலையில், இரண்டாவது கூட்டல் குறிக்கு, பொருள் சேவை வரி 9 விழுக்காடு. மொத்தம் 44 வெள்ளி 36 காசு. தேக்காவில் மூன்று தேயும் மூன்று வடையும் பத்து வெள்ளிக்குள் முடிந்திருக்கும். மிச்சம் முப்பத்து நான்கும் எதற்கு? நாற்காலிக்கு. அதுவும் ஒன்றரை மணி நேர நாற்காலி.

அந்தத் தண்ணீர் விஷயம்தான் வயிற்றெரிச்சலின் உச்சம். சன்னலுக்கு வெளியே ஓடும் இதே கால்வாய் ரோச்சோர் ஆற்றில் கலந்து மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு, இந்த வட்டாரத்தில் பெய்யும் மழையும் நம் குடிநீருக்குத்தான் போகிறது. குழாயைத் திறந்தால் வருகிற நீர். அதைக் குவளையில் பிடித்து, சன்னலைக் காட்டி, ஒரு வெள்ளி வாங்குகிறார்கள். என் மனைவி, "கத்தாதீர்கள், ஆட்கள் பார்க்கிறார்கள்" என்றாள். பார்க்கட்டும்.

வெளியே வந்தால் புல்தரையில் நம் தொழிலாளர் தம்பிகள் வட்டமாக உட்கார்ந்து ஒரே பொட்டலத்துப் பிரியாணியைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு, கிடைத்த ஒரே நாளில் தேக்காவுக்கு வருகிறவர்களுக்கும் நாற்காலி இல்லை. பியர் வாங்கிப் புல்லில் உட்கார்ந்து குடிக்கவும் முடியாது. 2013இல் இங்கே நடந்த கலவரத்துக்குப் பின் வந்த சட்டப்படி, தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. அதே பியரை, உரிமம் பெற்ற கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கூட்டல் குறி விலை கொடுத்துக் குடித்தால் தப்பில்லை. நான் குடிப்பவன் அல்லன், தடை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கே திரும்பினாலும் கதை நாற்காலியில் வந்து முட்டுகிறது என்கிறேன்.

பெரியப்பாவுக்கு அந்த மசாலா தே இறங்கவில்லை. பாதியை வைத்துவிட்டு வந்திருந்தார். நான் திரும்பத் தேக்காவுக்குள் ஓடினேன். "அண்ணே, தே ஓ கோசோங் ஒன்று, பொட்டலம்" என்றேன். பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு இங்கே அந்தப் பெயர். நெகிழிப் பையில் சூடாக ஊற்றி, வாயை முறுக்கி, சிவப்புக் கயிறு கட்டித் தந்தார். நம்ப மாட்டீர்கள், வீட்டு முகவர் இன்னும் அந்த மேசையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இருக்கைகள் நான்கும் இன்னும் காலி.

கால்வாய் நடைபாதையில் ஒரு சிமெண்டுத் திண்டு. மழை ஈரம் காயவில்லை. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் திண்டின் மேல் போட்டார். போட்டவரே அதன் மேல் உட்கார்ந்தார். பையைக் கையில் வாங்கி, உறிஞ்சு குழலை வாயில் வைத்து, "இதில் சீனி இல்லைதானே?" என்றார்.