அமைச்சராக இருந்தே வேலைநிறுத்தம் செய்த மனிதர்

இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டிலேயே சண்டை வரும். தாத்தாவுக்கு அவர் சாமி. சித்தப்பாவுக்கு அவர் ஒரு தோட்ட முதலாளி, அவ்வளவுதான். சித்தப்பா சொல்வதிலும் பொய் இல்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இறம்பொடை வேவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரரான கருப்பையாவின் மகன் அவர்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் பிடித்தது. நுவரெலியாவில் வென்றவர் தொண்டமான். அடுத்த வருடமே எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே ஓட்டும் போனது. மறுபடி மக்கள் ஓட்டில் அவர் பாராளுமன்றம் போனது 1977இல்தான். இடையில் நியமன உறுப்பினராக இருந்தது வேறு கணக்கு.

அந்த 30 வருடமும் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) சனத்துக்கு இருந்த ஒரே பிடி அவருடைய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எங்கள் ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடில்லாதவனையும் பெயர் எழுதி, சந்தா வாங்கி, "நீ நம்ம ஆள்" என்று சொன்னது சங்கம்தான்.

1978இல் தொண்டமான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். ஓட்டைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கம் அது. தமிழர்களை அடித்துக் கொன்ற 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும் அவர் பதவியை விடவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆனாலும் அவர் போனது சரி என்றே சொல்வேன். ஏனென்றால் 1984இல் தோட்டங்களில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கையில். அந்த அரசாங்கத்தின் அமைச்சரான அவரே ஆட்களை வேலைக்கு இறங்காதே என்றார். 86 தைப்பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டம் என்று மலையையே நிறுத்தினார். 88இல் நாடற்றவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தும் சங்கத்தைக் கையை விட்டு இறக்கவில்லை அவர். இன்று நாற்காலி கிடைத்தால் சங்கம் சந்தா பிடிக்க மட்டும்தான் என்றாகிவிட்டது. என் கோபம் அங்கேதான்.

84க்கு முன் ஒரே மலை, ஒரே வெயில், ஆனால் பெண்ணாளுக்குச் சம்பளம் குறைவு. அந்த வேலைநிறுத்தம்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வாங்கிக் கொடுத்தது. முதல் சம்பள நாளில் அப்பாயி காசை மூன்று தரம் எண்ணிப் பார்த்தாராம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பிசகாகப் போட்டுவிட்டார், பிறகு பிடித்துக்கொள்வார் என்று பயந்து, ஒரு வாரம் அதைத் தொடாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம்.