காலியா திரும்புற வண்டிக்குப் பேரு ரூட்டாய்யா?

எலைட் டேஞ்சரஸ்னு ஒரு விண்வெளி கேம். ஒரு ஸ்டேஷன்ல சரக்கு வாங்கிக் கப்பல்ல ஏத்திப் போய் இன்னொரு ஸ்டேஷன்ல வித்துக் காசு பாக்கலாம். அதுக்கு நம்ம பக்கத்து ஆளுங்க ரூட் சொல்ற லட்சணத்தைப் பாருங்க: "டன்னுக்கு 22 ஆயிரம் லாபம், மாஸ் ரூட்டு, ஓடு தம்பி ஓடு." அவ்வளவுதான் மெசேஜ். எந்த ஸ்டேஷன், நட்சத்திரத்துல இருந்து அது எவ்வளவு தூரம், கப்பல் இறங்குற பேட் எந்த சைஸ்ல இருக்கு, திரும்பி வரும்போது என்ன ஏத்தறது, இதுல ஒண்ணு கூட கிடையாது. கீழே பத்து பேர் நெருப்பு பொம்மை போட்டு வச்சிருக்காங்க. அதை நம்பி ஒரு புதுப் பையன் கையில இருக்கிற மொத்த கிரெடிட்டையும், அதாவது கேம் காசையும், சரக்கா வாங்கிக்கிட்டு கிளம்புறான். அரை மணி நேரம் கழிச்சு "அண்ணா, இந்த கேம் ஏன் இவ்வளவு போர் அடிக்குது?"ன்னு கேக்குறான். கேமா போர் அடிக்குது? நீங்க போட்டுக் குடுத்த ரூட்டுய்யா போர் அடிக்குது!

வேற ஊர்க்காரன் இப்படிப் பேசினா தெரியாமப் பேசுறான்னு விட்டுடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரங்க பேசலாமா? பெங்களூரு ரோடு, சென்னை ரோடு, சேலம் ரோடு, திருவண்ணாமலை ரோடு எல்லாம் வந்து கூடுற ஊர்ய்யா இது. பைபாஸ் டீக்கடையில நிக்கிற எந்த லாரிக்கார அண்ணனை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. வாடகை எவ்வளவுன்னு பேசுறதுக்கு முன்னாடி ரிட்டன் லோடு இருக்கான்னு கேப்பாரு. காலியா வர்ற வண்டியும் டீசல் குடிக்கும், டோல்கேட்லயும் காசு கேப்பாங்க. எலைட் டேஞ்சரஸ்லயும் அதே கணக்குதான். இங்க டீசலுக்குப் பதிலா போறது உங்க நேரம்.

கணக்கையே போட்டுப் பாத்துடலாம். டைப்-6 கப்பல், 104 டன் சரக்கு. அந்த "மாஸ் ரூட்டு"ல டன்னுக்கு 22,000, அதுவும் ஒருவழி மட்டும். இறக்குற ஸ்டேஷன் நட்சத்திரத்துல இருந்து லட்சம் ஒளிநொடிக்கு மேல தள்ளி இருக்கு (ஒளி ஒரு நொடியில போற தூரம்தான் ஒளிநொடி). போக 26 நிமிஷம், காலியா வர 9 நிமிஷம்னு வச்சுக்கோங்க. ஒரு சுத்துக்கு 35 நிமிஷத்துல 22,88,000 கிரெடிட். மணிக்கு 39 லட்சம் சொச்சம். இன்னொரு ரூட்டு, பாக்க ஏழை மாதிரி இருக்கும்: போக டன்னுக்கு 11,000, வர 8,000. ரெண்டு ஸ்டேஷனும் 500 ஒளிநொடிக்குள்ள. போய் வர 16 நிமிஷம். ஒரு சுத்துக்கு 19,76,000. மணிக்கு 74 லட்சம்! கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டன்னுக்கு எவ்வளவுன்னு மட்டும் பாத்து மார் தட்டுறவங்க கடிகாரத்தையும் கொஞ்சம் பாக்கணும்.

தூரம்னு நான் சொல்றது ஜம்ப் எண்ணிக்கையை, அதாவது ஒரு நட்சத்திர சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு எத்தனை தடவை தாவுறோம்ங்கிறதை இல்லை. ஒரு ஜம்ப்புக்கு ஒரு நிமிஷம்னு வச்சா நாலு ஜம்ப் நாலு நிமிஷம், போயிடும். ஆளைக் கொல்றது ஜம்ப் முடிஞ்சு வந்து இறங்கின பிறகு ஸ்டேஷன் வரைக்கும் சூப்பர்குரூஸ்ல, அதாவது சிஸ்டத்துக்குள்ளயே போற அதிவேக ஓட்டத்துல, ஓட்டுறது. இனாராங்கிற இணையதளத்துல ரூட் தேடும்போது ஸ்டேஷன் தூரத்துக்கு ஒரு ஃபில்டர் இருக்கு. ஆயிரம் ஒளிநொடிக்குள்ள வைங்க, ரொம்ப மிஞ்சினா ரெண்டாயிரம். கோள் மேல இருக்கிற துறைமுகத்தையும் தேடல்ல இருந்து எடுத்துடுங்க. கோள் சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க போற நேரம் பாத்து துறைமுகம் அந்தப் பக்கம் போய் உக்காந்திருக்கும். பாதிக் கோளைச் சுத்திட்டு வந்து இறங்கணும். ஒரு தடவைன்னா வேடிக்கை, இருபது தடவைன்னா தலைவலி.

அடுத்தது பேட் சைஸ். இதைத்தான் யாரும் எழுதுறதே இல்லை, வயித்தெரிச்சலே இதுதான். அவுட்போஸ்ட்ங்கிற சின்ன ஸ்டேஷன்ல பெரிய பேட் கிடையாது. டைப்-7 வாங்கினவன் முந்நூறு டன் ஏத்திக்கிட்டு அவுட்போஸ்ட் வாசல்ல போய் நின்னா, இறங்க அனுமதி கேட்ட உடனே இடமில்லைன்னு சொல்லிடும். டைப்-7 பாக்க சின்னதாத்தான் இருக்கும், ஆனா அதுக்குப் பெரிய பேட் வேணும். அதை வடிவமைச்ச மகராசன் என்ன நினைச்சு உயரத்தை அப்படி வச்சானோ தெரியல. பைத்தான் கப்பல் மீடியம் பேட்ல இறங்கிடும். 2024ல வந்த டைப்-8 கிட்டத்தட்ட 400 டன் தூக்கும், அதுவும் மீடியம்தான். ரூட் சொல்ற ஆள் "எல்"னு ஒரு எழுத்தோ "எம்"னு ஒரு எழுத்தோ சேத்து எழுதினா விரல் தேஞ்சுடுமா?

இப்ப விலை. ராயக்கோட்டை மண்டியில காலையில தக்காளி என்ன ரேட்டுன்னு கேட்டுட்டு, மறுநாள் சாயங்காலமும் அதே ரேட்டு நிக்கும்னு எவனாவது கிரேட்டைத் தூக்கிட்டுப் போவானா? மாட்டான். ஆனா இங்க மூணு நாள் பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கப்பலை எடுக்குறாங்க. கேமுக்குள்ள நீங்க போகாத ஸ்டேஷனோட இன்னிய விலையைப் பாக்க வழியே இல்லை. சரக்கோட சராசரி விலை தெரியும், போய் வந்த இடத்தோட பழைய விலை தெரியும், அவ்வளவுதான். ஒரு வியாபாரி கேமுக்கு இது அநியாயம், பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அப்படியே இருக்கு. அதனாலதான் வெளியில இருக்கிற தளங்களை நம்பி ஓட்டுறோம். இ.டி.டி.பி 2023ல மூடிட்டாங்க, இப்ப இனாரா, ஸ்பேன்ஷ். அந்தத் தளங்களுக்கு விலை வானத்துல இருந்து விழுறதில்லை. எவனோ ஒருத்தன் அந்த ஸ்டேஷன்ல இறங்கி, அவன் கம்ப்யூட்டர்ல மார்க்கெட் கனெக்டர் ஓடிக்கிட்டு இருந்தா, அந்த விலை இ.டி.டி.என்ங்கிற பொது வலை வழியா எல்லாருக்கும் போகும். அந்தச் சின்ன புரோகிராமை நிறுவ அஞ்சு நிமிஷம் ஆகாது. நிறுவ மாட்டாங்க, ஆனா "டேட்டா பழசா இருக்கு"ன்னு புலம்ப மட்டும் முதல் ஆளா வந்து நிப்பாங்க.

விலைக்குப் பக்கத்துல "எப்போ அப்டேட் ஆச்சு"ன்னு போட்டிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல பழசுன்னா நான் அதைத் தொட மாட்டேன். அதோட சப்ளையும் டிமாண்டும் பாக்கணும். வாங்குற இடத்துல சப்ளை உங்க கப்பல் கொள்ளளவைப் போல பத்து மடங்காவது இருக்கணும், இல்லைன்னா ரெண்டு சுத்துல காலி. விக்கிற இடத்துல டிமாண்ட் குறைவா இருந்து மொத்தமாக் கொண்டுபோய்க் கொட்டினா விலை விழும். வரத்து அதிகமானா தக்காளிக்கு என்ன ஆகும்னு பாலக்கோட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்கணுமா? இன்னொண்ணு, "நான் சோலோல ஓட்டுறேன், என் மார்க்கெட்டை யாரும் தொட முடியாது"ன்னு சிலர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. சோலோன்னா தனியா ஆடுற முறை, மத்தவன் கப்பல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மார்க்கெட் எல்லாருக்கும் ஒண்ணுதான். ரூட்டை ஊருக்கே தம்பட்டம் அடிச்சா நூறு பேர் வந்து உறிஞ்சிட்டுப் போயிடுவாங்க. அந்த சோலோவுக்கும் நெட் வேணும்ங்கிறது தனிக் கொடுமை. ஆஃப்லைன் வரும்னு சொல்லி, 2014 நவம்பர்ல, வெளியீட்டுக்கு ஒரு மாசம் முன்னாடி கையை விரிச்சாங்க. நம்ம பக்கம் காத்தடிச்சா போற லைனுக்கு இது தேவையா?

கப்பல் அமைப்புலயும் இதே அவசரம்தான். ஷீல்டைக் கழட்டிட்டு அந்த இடத்துலயும் சரக்கு ரேக் போடச் சொல்ற அறிவாளிங்க ஏராளம். டைப்-6ல சைஸ் 3 இடத்துல ஷீல்டு போட்டா நீங்க இழக்குறது வெறும் 8 டன். 112 டன் சொச்சத்துல 8 டன். அதுக்காக வெத்து உடம்போட போய் ஸ்டேஷன் வாசல்ல உரசி, கொள்ளைக்காரன்கிட்ட மாட்டி கப்பலே போச்சுன்னா? கப்பலை மீட்க அதோட மதிப்புல 5 சதவீதம் கட்டினா போதும். சரக்குக்கு இன்சூரன்ஸே கிடையாது, போனது போனதுதான். அதனால கையில இருக்கிற எல்லாத்தையும் சரக்குல போடக் கூடாது. மீட்புத் தொகையைத் தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துலதான் வாங்கணும்.

லோடு ஏத்தினா ஜம்ப் தூரம் குறையும். இது தெரியாம காலிக் கப்பல்ல ரூட் போட்டுப் பாத்துட்டு, "ரெண்டே ஜம்ப்"னு குதிச்சு, ஏத்தின பிறகு நாலு ஜம்ப் காட்டுதேன்னு முழிக்கிறவங்க எத்தனை பேர்! கேலக்ஸி மேப்லயே சரக்கு எடைக்கு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதை முழு லோடுக்குத் தள்ளி வச்சுப் பாருங்க. அதே இடத்துல "எகனாமிக்கல்"னு இருந்தா "ஃபாஸ்டஸ்ட்"டுக்கு மாத்துங்க. இல்லைன்னா எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன்னு பத்து குட்டிக் குட்டி ஜம்ப் போட வைக்கும்.

சூப்பர்குரூஸ்ல முழு வேகத்துல போய் ஸ்டேஷனைத் தாண்டி, வட்டம் அடிச்சுத் திரும்பி வர்றவங்களைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. தொப்பூர் இறக்கத்துல லோடு வண்டியை நியூட்ரல்ல விட்டா என்ன ஆகும்னு நம்ம பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதேதான். இலக்கு நேரம் 7 நொடின்னு காட்டுறப்ப த்ராட்டிலை 75 சதவீதத்துக்கு, அந்த நீலப் பட்டைக்குள்ள, இறக்கிடுங்க. பிறகு கையே வைக்க வேண்டாம், அதுவாத் தணிஞ்சு வரும். வழியில கோளை ஒட்டிப் போகாதீங்க, அதோட ஈர்ப்பு வேகத்தை இழுத்துப் பிடிக்கும். கொஞ்சம் ஒதுங்கி, வளைஞ்சு வாங்க. அப்படி வளையும்போதே கோளுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல இருந்து வர்ற மாதிரி பாத்துக்கோங்க. கோளைச் சுத்துற கோரியோலிஸ்ங்கிற பெரிய வகை ஸ்டேஷனோட வாசல் அந்தக் கோளைப் பாத்துத்தான் இருக்கும். இப்படி வந்து இறங்கினா வாசல் மூக்குக்கு நேரா நிக்கும், ஸ்டேஷனைப் பிரதட்சணம் பண்ண வேண்டியதில்லை. ஏழரை கிலோமீட்டருக்குள்ள வந்ததும் அனுமதி கேளுங்க. உள்ளே நுழையும்போது பச்சை விளக்கு வலப்பக்கம் இருக்கணும், வேகம் நொடிக்கு 100 மீட்டருக்குள்ள இருக்கணும். ஒரு சுத்துக்கு இதுலயே மூணு நாலு நிமிஷம் மிச்சம்.

சூப்பர்குரூஸ்ல போறப்ப கொள்ளைக்காரன் உங்களை வெளியே இழுத்தா ஸ்டியரிங்கைப் பிடிச்சு மல்லுக்கட்டாதீங்க. லோடு கப்பல் திரும்புற வேகத்துக்கு ஜெயிக்கிறது கஷ்டம். தோத்தா அடியும் படும், ஜம்ப்புக்கும் சூப்பர்குரூஸுக்கும் வேண்டிய டிரைவ் மறுபடி கிளம்ப ரொம்ப நேரமும் ஆகும். த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இறக்கி நீங்களே சரண்டர் ஆயிடுங்க, டிரைவ் சீக்கிரம் தயாராகும். உடனே பூஸ்ட் அடிச்சு, அதே சிஸ்டத்துக்குள்ள ஓடாம வேற சிஸ்டத்துக்கு ஜம்ப் போடுங்க. பெரிய கப்பல் பக்கத்துல இருந்தா நீங்க சூப்பர்குரூஸுக்குக் கிளம்புறதைத்தான் அமுக்கும், சிஸ்டம் தாண்டுற ஜம்ப்பை அமுக்க முடியாது. அதுக்கு அடுத்த சிஸ்டத்தை முன்கூட்டியே குறி வச்சிருக்கணும். இழுத்த பிறகு மேப்பைத் திறந்து தேடினா முடிஞ்சது கதை.

இவ்வளவும் சரியா இருந்தாலும் ரெண்டே ஸ்டேஷனுக்கு நடுவுல நாப்பது தடவை போய் வந்தா எவனுக்கும் பைத்தியம் பிடிக்கும். மணிக்கு இத்தனை கோடின்னு பீத்துறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. பொழுதுபோக்குக்கு உக்காந்துட்டு ஷிஃப்ட் வேலை பாக்குறதுக்கு ஓசூர்ல கம்பெனிக்கே போயிடலாமே, சம்பளமாவது வரும்! மூணு முனை ரூட்டாப் போடுங்கய்யா. சுரங்க ஸ்டேஷன்ல கனிமம் ஏத்தி சுத்திகரிப்பு ஸ்டேஷன்ல இறக்கு. அங்க உலோகம் ஏத்தித் தொழிற்சாலை ஸ்டேஷன்ல இறக்கு. அங்க சுரங்க மிஷின் ஏத்தி முதல் இடத்துக்கே வா. எந்த நடையும் காலியா ஓடாது, மூணு இடமும் மூணு விதமா இருக்கும். லாபம் அஞ்சுல ஒரு பங்கு குறையலாம், குறையட்டும்! பஞ்சம்னு ஒரு சிஸ்டம் நிலைமை காட்டினா அங்க சாப்பாட்டுப் பொருள் விலை ஏறும், நோய்ப் பரவல்னா மருந்து. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தை, ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைன்னு நாள் பாத்துச் சரக்கைத் தூக்கிட்டுப் போற ஊருக்கு இதெல்லாம் கைவந்த கலை.

அதுவும் சலிச்சா அரிய சரக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் கிடைக்கிற சரக்கு. லேவ், டிசோ, லீஸ்டி, ஒரேர்னு அது கிடைக்கிற சிஸ்டம் நாலும் கிட்டக் கிட்ட இருக்கு. 1984ல வந்த முதல் எலைட்ல ஆட்டம் தொடங்கினதே லேவ்லதான். லேவியன் பிராந்தி மாதிரி ஒவ்வொரு இடத்துலயும் சில டன்தான் தருவாங்க, பொறுக்கிச் சேத்துக்கிட்டு 150 ஒளியாண்டுக்கு மேல தள்ளிப் போய் வித்தாத்தான் நல்ல விலை. பக்கத்துலயே வித்துட்டு "அரிய சரக்கு வேஸ்ட்"னு எழுதாதீங்க.

கடைசியா ஒரு கோஷ்டி. "ஆல்ஃபா சென்டாரியில ஹட்டன் ஆர்பிட்டலுக்குப் போ தம்பி, அனகோண்டா கப்பல் இலவசமாத் தர்றாங்க"ன்னு புதுப் பசங்களை அனுப்பி வைக்கிற கோஷ்டி. அந்த ஸ்டேஷன் வந்து இறங்குற இடத்துல இருந்து 0.22 ஒளியாண்டு. பழைய டிரைவ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல நேரா வெறிச்சுப் பாத்துக்கிட்டே போகணும். 2024ல வந்த ஓவர்சார்ஜ் டிரைவ்ல நேரம் குறையும், ஆனா எரிபொருளைக் குடிக்கும், கப்பல் கொதிக்கும், அதுக்குன்னு வடிவமைக்காத கப்பல்னா கண்டபடி ஆடும். அப்படிப் போய்ச் சேந்தா அங்க இலவசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேட் சைஸ் பாருங்கன்னு ஏன் தொண்டை கிழியக் கத்துறேன்னா, அனகோண்டாவுக்குப் பெரிய பேட் வேணும். ஹட்டன் ஒரு அவுட்போஸ்ட்டுய்யா!