கடைசிக் குழாயில் பாருங்கள்

சிறிய குடிநீர்த் திட்டங்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஆய்வகச் சான்று வாங்கினால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதிரி எடுத்த அந்த நாளின் நீரைப் பற்றி மட்டுமே சான்று பேசும். மறுநாளே குழாயில் விரிசல் விழுந்து, மின்சாரம் நின்று அழுத்தமும் குறைந்தால், வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுக்கப்பட்டுவிடும்.

அதனால்தான் கிருமிகளைக் கொன்றபின் நீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை, அதாவது எஞ்சிய குளோரினை, தினமும் பார்க்க வேண்டும் என்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் அல்ல, கடைசி வீட்டுக் குழாயில். சின்னக் குப்பியில் 10 மில்லி நீர், அதில் குளோரின் இருந்தால் நிறம் காட்டும் சோதனை மாத்திரை ஒன்று. இளஞ்சிவப்பு எவ்வளவு ஏறுகிறது என்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நிறமே வரவில்லையென்றால் அன்றே காரணத்தைத் தேட வேண்டும். முதலில் குளோரினுக்காக நீரில் கலக்கும் பிளீச்சிங் பவுடரைப் பாருங்கள். வாய் திறந்த மூட்டையில் ஈரம் பட்டு வீரியம் போயிருக்கலாம். நீர் கலங்கியிருந்தாலும் குளோரின் வீணாகும்.

நைட்ரேட், ஆர்சனிக், ஃபுளோரைடு ஆகியவை குளோரினால் போகாது. அவை நீரில் இருக்கின்றனவா என்று அறிய ஆய்வகச் சோதனை வேண்டும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒற்றை ஆளுக்குப் பயிற்சியும் மாத்திரைகளும் தடையின்றிக் கொடுங்கள். அவர் எழுதும் பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.