விடுதிச் சாப்பாடும் இரத்தசோகையும்

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் உடல்நல விழிப்புணர்வு முகாம் நடத்தினால் மாணவர்களின் பழக்கங்கள் மாறிவிடும் என்று மாணவர் உடல்நலம் பற்றி அண்மையில் வெளியான கட்டுரை ஒன்றை எழுதியவர் கருதுகிறார். பெண்கள் விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் காப்பாளராக இருந்த எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என்பதை எங்கள் முதுகலை மாணவியரிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. களைப்பையும் மூச்சிரைப்பையும் தூக்கக் குறைவு என்றே எண்ணிக்கொண்டார்கள்.

அறிந்தவர்களுக்கும் வழி வேண்டுமே. எட்டரை மணிக்கு வகுப்பும் எட்டு மணிக்குச் சிற்றுண்டியும் என்றால் பசியோடுதான் ஓடுவார்கள். உணவோடு அருந்தும் தேநீரிலுள்ள டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள், ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான இரும்புச்சத்து கீரை, பருப்பு போன்றவற்றிலிருந்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி அது சேர உதவுகிறது. ஆகவே தேநீர் நேரத்தை ஒரு மணி தள்ளிவைத்து, கீரை சமைக்கும் நாள்களில் எலுமிச்சைச் சாறும் பரிமாறச் செய்தோம். இதற்கு ஆன கூடுதல் செலவு மிகச் சிறிது. முகாமுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது, பருவத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து, முடிவை ஒவ்வொரு மாணவிக்கும் தனியாக விளக்கிச் சொல்வதற்குச் செலவிடுமாறு நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.