பேர் சொல்றதுக்கு ஊர்க்காரன் எதுக்கு?

அந்த "ரெண்டு நாள் சென்னை" பதிவைப் பத்திப் பேச வேண்டாம்னுதான் மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நேத்து ராத்திரி ஒருத்தர் அதையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "சென்னை மக்களின் அன்பு மழை"ன்னு தலைப்பு வெச்சுப் போட்டிருந்தாரு. அதுக்கு மேல தாங்கலை.

நடந்ததைத் தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். மதுரையிலேர்ந்து ஒரு அம்மா அந்தப் பதிவுல கேட்டது நாலே வரி. மே மாசம், வெள்ளி சனி ரெண்டு நாள், கூட எழுபது வயசு அம்மா, எட்டு வயசுப் பொண்ணு. எங்க சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்? இருநூத்திச் சொச்சம் கமெண்ட். அதுல கிழமையைக் கவனிச்சுப் பதில் சொன்னவங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதும், அதுலயும் மிச்சம் இருந்துச்சு.

அதிக லைக் வாங்கின பதில் இது: "வெள்ளி காலைல எழும்பூர் மியூசியம், அப்படியே கோட்டை மியூசியம், மதியம் கபாலீஸ்வரர் கோயில்." எழும்பூர் மியூசியத்துக்கு வாராந்திர விடுமுறை வெள்ளி. ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிதான். கபாலி கோயில்ல மதியம் நடை சாத்தினா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. ஒரே நாள்ல மூணு பூட்டைக் காட்டி அனுப்பணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பேரை யார் வேணா சொல்லலாம், போனைத் தட்டினா போனே சொல்லும். ஊர்க்காரன்கிட்ட ஒருத்தர் கேட்கிறது கிழமை, நேரம், எதைக் கேட்டு வாங்கணும், எதைத் தொடக் கூடாது, இதுக்காகத்தான். இது இல்லாம "மயிலாப்பூர் போங்க, சூப்பரா இருக்கும்"னு எழுதுறதுக்குப் பேர் பரிந்துரையே கிடையாது.

எது என்னிக்குப் பூட்டியிருக்கும்னு, கிழமையை முதல்ல முடிச்சிடறேன். வெள்ளி சொல்லியாச்சு. திங்கள்ல மெரினா கலங்கரை விளக்கம், ஐஸ் ஹவுஸ்னு நாம சொல்ற விவேகானந்தர் இல்லம், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை. செவ்வாய்ல வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காடு தட்சிணசித்ரா. விடுமுறைக் காலத்துல சில சமயம் அறிவிப்புக் கொடுத்துத் திறப்பாங்க, அதை நம்பிக் கிளம்பாம முந்தின நாளே விசாரிச்சுக்கணும். மூணு வரி. இதை எழுத இருநூறு பேர்ல யாருக்கும் நேரம் இல்லை. திருநெல்வேலியிலேர்ந்து வந்த எங்க சொந்தக்காரக் குடும்பம் ஒண்ணு, மூணு பிள்ளைங்களோட தாம்பரம் தாண்டி வண்டலூர் வாசல் வரைக்கும் போய்ப் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பினது இந்த மாதிரி ஒரு "கண்டிப்பா போங்க"வை நம்பித்தான். சின்னவன் வழியெல்லாம் அழுதுட்டே வந்தானாம்.

அடுத்தது நேரம். இதுலதான் சாப்பாடே அடங்கியிருக்கு.

மயிலாப்பூர் மெஸ் டிபன்னு எல்லாரும் எழுதினாங்க. எத்தனை மணிக்குப் போகணும்னு ஒருத்தர் எழுதலை. சின்ன மெஸ்ல மாவும் பொங்கலும் அன்னிக்குன்னு அளந்து வெச்சதுதான். எட்டு மணிக்குள்ள போனா இட்லி ஈடு மாறி மாறிச் சுடச்சுட வரும். ஒன்பதரைக்கு மேல போனா பொங்கல் இறுகிப்போய் நெய் மேல தனியா நிக்கும், இல்லைன்னா அண்டா கவுந்திருக்கும். அதுவும் வாசல்ல பேர் கொடுத்துட்டு நிக்கணும். எழுபது வயசு அம்மா எங்க உக்காருவாங்கன்னு நாமதான் யோசிக்கணும். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில சாம்பார் இட்லி சாப்பிடச் சொன்னாங்க, சரி. ஆனா அங்க சாம்பாரைக் குறை வைக்க மாட்டாங்க, இட்லி முழுகுற அளவுக்கு ஊத்துவாங்க. ஒரு தட்டு வாங்கி ருசி பார்த்துட்டு அடுத்ததைச் சொல்லணும். நாலு பேருக்கு நாலு தட்டு ஒரே நேரத்துல சொன்னா கடைசித் தட்டு கூழாயிடும்.

இலைச் சாப்பாடுன்னா பன்னிரண்டேகாலுக்குள்ள உக்காந்துடணும். ரெண்டரைக்கு மேல அப்பளம் நமத்திருக்கும், கூட்டு மாறியிருக்கும், ரசத்துல தெளிவு போய் அடிமண்டி வரும். அதே மாதிரி வடையை மதியம் சாப்பாட்டோட வாங்காம மூணரை மணி டிபனுக்கு விட்டுடுங்க. அப்பதான் எண்ணெய் மாத்தி முதல் வாணலி ஏறும்.

பிரியாணிக்கு வாங்க. "பாய் கடை பிரியாணி வேற லெவல்." வேற லெவல்தான், எப்போ? தம் உடைக்கிறது பதினொன்றரை, பன்னிரண்டு வாக்குல. அண்டாவுல மேலாப்புல இருக்கிறது உதிரி சோறு, மசாலா அடியில. நல்ல கைக்காரர் கரண்டியைச் செங்குத்தா இறக்கி ரெண்டையும் சேர்த்து எடுப்பாரு. கூட்ட நேரத்துல அவசரத்துக்கு மேலோட்டமா வாரிப் போட்டா வெறும் சோறுதான் வரும், "கொஞ்சம் அடியிலேர்ந்து போடுங்க பாய்"னு கேட்டு வாங்கணும். ரெண்டு மணிக்கு மேல மிச்சம் இருந்தா அடியில எண்ணெய் தேங்கிச் சோறு குழைஞ்சிருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ட்டு "சென்னை பிரியாணி ஒண்ணும் பெரிசா இல்லையே"ன்னு ஊருக்குப் போய்ச் சொன்னா தப்பு யார் மேல?

பீச்சுல பஜ்ஜி, மீன் வறுவல். எழுதாத ஆள் கிடையாது. தள்ளுவண்டியில நாலரை அஞ்சுக்கு வாணலி வைக்கும்போது சாப்பிடுங்க. எட்டு மணிக்கு அதே எண்ணெய் கறுத்துப் புகையும். மாவு சட்டுனு சிவந்துடும், உள்ள மிளகாய் பச்சையா நிக்கும். மீன்ல இன்னொரு வேலை இருக்கு. மசாலா தடவி அரைவேக்காடாப் பொரிச்சு அடுக்கி வெச்சிருப்பாங்க, நாம கேட்டதும் மறுபடி ஒரு முக்கு முக்கித் தருவாங்க. அதான் ரப்பர் மாதிரி இழுக்குது. பச்சைத் துண்டைக் காட்டி "இதைப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கணும். ராத்திரி ஏழு எட்டு மணியைத் தாண்டிக் குழந்தையை அலையில நிக்க விடாதீங்க. பகல்லயும் மெரினா குளிக்கிற கடல் இல்லை, உள்ளிழுக்கும். இதையும் யாரும் எழுதலை.

இதைவிட அழகு, ஒருத்தர் "டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்ல காபி"ன்னு போட்டிருந்தாரு. ஐயா, அது மூடினது 2008ல. அந்த இடத்துல செம்மொழிப் பூங்கா வந்தது 2010ல. இப்ப அங்க போய்க் காபி கேட்டா செடிக்குத் தண்ணி ஊத்துறவர்தான் திரும்பிப் பார்ப்பாரு. இன்னொருத்தர் மார்கழிக்குப் பந்தல் போட்டு நடத்துற சபா கேண்டீனை மே மாசத்துக்குச் சொல்லியிருக்காரு. மார்கழியில அது அருமையான யோசனைதான், கச்சேரி டிக்கெட்கூட இல்லாமப் போய்ச் சாப்பிடலாம். மே மாசம்?

மே மாசம்னதும் இன்னொண்ணு. "வாங்கின மீனையே சமைச்சுத் தருவாங்க, அன்னிக்குப் பிடிச்ச கடல் மீன்"னு ஒரு ஹோட்டலைப் பத்து பேர் சொல்லியிருந்தாங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறியிருக்கும். மிச்சமெல்லாம் ஐஸ்ல இருந்தது, இல்லை வெளியூர்லேர்ந்து வந்தது. அந்த ரெண்டு மாசம் "இன்னிக்குப் பிடிச்சதா"ன்னு கேட்டுட்டுச் சாப்பிடுங்கன்னு ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சிடும்?

இதையெல்லாம் அங்கேயே கமெண்ட்டா எழுதினேன். கிடைச்ச பதில்: "அண்ணன் டைம் டேபிள் போட்டிருக்காரு." சிரிப்புப் பொம்மை முப்பத்தேழு. "விட்டா பல்லு விளக்குற நேரமும் சொல்வாரு போல." சரி. சிரிங்க.

இனி நீங்க கேட்கப்போறதுக்கும் பதில் சொல்லிடறேன்.

"கூகுள் மேப்லயே திறந்திருக்கா இல்லையான்னு பார்த்துக்கலாமே?" பார்க்கலாம். கடை திறந்திருக்குன்னு காட்டும், பொங்கல் தீர்ந்துடுச்சுன்னு காட்டாது. பங்குனியில கபாலி கோயில் அறுபத்துமூவர் விழா அன்னிக்கு மாட வீதியில ஆட்டோ இல்லை, ஆளே நகர முடியாதுன்னு காட்டாது. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வழியை மாத்தி விட்டிருக்கிறதை அது காட்டுறதுக்குள்ள நீங்க பாதி தூரம் மாட்டியிருப்பீங்க.

"ரோட்டோரச் சாப்பாட்டை வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லலாமா, வயித்துக்கு ஒத்துக்குமா?" நியாயமான கேள்விதான். கொதிக்கிறதைச் சாப்பிடுங்க, சட்னியைக் குறைச்சுக்குங்க, தண்ணியைக் கையில கொண்டுபோங்க. அவ்ளோதான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டா கூட்டம் வந்து நம்ம கடை கெட்டுடுமே?" இதைச் சொன்னவர் ஐநூறு ரீல்ஸ் போட்டவர். அவருக்கு என்ன பதில் சொல்றது, கும்பிடு போட்டுட்டேன்.

நாலாவதா ஒண்ணு இருக்கு. அதுதான் உண்மையில என்னை எழுத வெச்சதுன்னு இப்ப எழுதும்போதுதான் தெரியுது.

அந்த இருநூறு கமெண்ட்ல பாரிமுனைக்கு வடக்க, அதாவது வடசென்னையில, சௌகார்பேட்டையைத் தவிர ஒரு இடம் கிடையாது. அதையும் நாலு பேர்தான் சொன்னாங்க. உடனே ஒருத்தர், "ஃபேமிலியோட அந்தப் பக்கமெல்லாம் வேண்டாம் சிஸ்டர், பெசன்ட் நகர், அடையாறோட நிறுத்திக்குங்க." அறுபது லைக்.

அந்தப் பக்கம். ராயபுரத்துக்காரன் எனக்கு அது பழகின சொல்லுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்குனு குத்துது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856ல கிளம்பினது இந்தப் பக்கத்து ராயபுரம் ஸ்டேஷன்லேர்ந்து. நீங்க கொண்டாடுற "மெட்ராஸ்" அந்தக் கோட்டையும் அதை ஒட்டின இந்தத் தெருக்களும்தான். ஆர்மீனியன் தெருவை அரண்மனைக்காரத் தெருன்னு வாய்க்கு ஏத்த மாதிரி மாத்தின ஊரு இது. அதுக்குள்ள 1772ல கட்டின ஆர்மீனியன் சர்ச் அமைதியா இருக்கு. மெட்ராஸ் டேக்கு மட்டும் போட்டோ எடுக்க வருவாங்க, விருந்தாளிக்குச் சொல்லணும்னா "அந்தப் பக்கம் வேண்டாம்."

எப்படிப் போகணும்னு தெரியாததாலதான் பயமா இருக்கு. காரை எடுத்துட்டுச் சௌகார்பேட்டைத் தங்கசாலைத் தெருவுக்குள்ள நுழைஞ்சா கண்டிப்பா அழுதுடுவீங்க. ஹைகோர்ட் மெட்ரோவுல இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியா நடக்கணும். அம்மாவால முடியலைன்னா முனை வரைக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவோ ஆட்டோவோ பேசிக்கணும். காலை பத்து மணிக்குப் போனா மொத்த வியாபார மூட்டைதான் மேல இடிக்கும். சாப்பாட்டுக்குன்னா சாயங்காலம் ஆறுக்கு மேல. வயிறு முட்ட எதையும் வாங்காதீங்க. காக்கடா ராம்பிரசாத்ல ஜிலேபி ஒரு தட்டு நாலு பேருக்கு, முறுக்கு சாண்ட்விச் ஒண்ணு குழந்தைக்கு, கடைசியா சீனா பாய் கடையில நெய் பொடி இட்லி. அது ராத்திரிக் கடை, பகல்ல தேடாதீங்க. ஞாயித்துக்கிழமை தெரு காலியா நடக்க வசதியா இருக்கும், ஆனா பாதி ஷட்டர் இறங்கியிருக்கும்.

பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ. 1960கள்ல பர்மாவுலேர்ந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், நொறுக்கின தட்டை, பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எல்லாத்தையும் கையால பிசைஞ்சு கொடுப்பாங்க. குழந்தைக்குன்னா பிசையறதுக்கு முன்னாடியே காரம் கம்மின்னு சொல்லணும், பிசைஞ்சப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. சைவம்னா சூப்புல என்ன போட்டிருக்குன்னு கேட்டுக்கணும். நின்னுட்டுத்தான் சாப்பிடணும். அந்த எழுபது வயசு அம்மாவுக்காக இதை நான் கடைசியில்தான் வைப்பேன், வடசென்னைங்கிறதுக்காக இல்லை, நாற்காலி இல்லைங்கிறதுக்காக. வித்தியாசம் புரியுதா?

சரி, அந்த மதுரைக்காரங்களுக்கு. வெள்ளி விடியக்காலை அஞ்சே முக்காலுக்கு மெரினாவுல சூரியன், ஏழரைக்கு மயிலாப்பூர்ல டிபன், எட்டரைக்குக் கபாலி, தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளைப் பார்த்துட்டுப் பத்தரைக்குள்ள ரூமுக்குத் திரும்பிடுங்க. மே வெயில்ல மதியம் வெளிய வேலை வெச்சுக்காதீங்க. நாலு மணிக்கு மேல சாந்தோம், ஆறரைக்குச் சௌகார்பேட்டை. சனி காலை ஆறு மணிக்கே கிளம்பினா மகாபலிபுரத்துல பாறை சூடேறுறதுக்குள்ள முடிச்சிடலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட், அன்னிக்குள்ள செல்லும், தூக்கிப் போட்டுடாதீங்க. திரும்பும்போது தட்சிணசித்ரா, நிழல் இருக்கு, பாட்டி உக்கார இடம் இருக்கு, பேத்திக்கு மண்பாண்டம் செய்யறதைக் காட்டலாம். சனிக்கிழமை திறந்திருக்கும், கிழமை பார்த்துத்தான் சொல்றேன்.

இதை அவங்களுக்கு மெசேஜ்லயும் அனுப்பிட்டேன். "ரொம்ப நன்றி தம்பி, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை போகலாம்னு சொன்னாங்களே"ன்னு பதில் வந்திருக்கு. அந்தக் கமெண்ட் இன்னும் அப்படியே இருக்கு. இப்ப பார்த்தேன், நூத்தி நாப்பத்தாறு லைக்.